இரண்டாவது சாட்சி

1970களின் தொடக்கத்தில் எனக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனும் மாத்திரையுமாகக் குணமானதும், மூணாறு பக்கத்து எங்கள் எஸ்டேட் கோயிலில் என்னைச் சாட்சி சொல்ல வைத்தார்கள். "கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டார்" என்றேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அதன்பிறகு, நோயாளி இருக்கும் வீட்டுக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போனார்கள்.

நாலு வருஷம் போனது. தேயிலைக் கொழுந்தெடுக்கும்போதே களைத்து உட்கார ஆரம்பித்தேன். அடிபடாமலே கைகாலெல்லாம் நீலம் பாரித்தது. ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டர். முன்பு சாப்பிட்ட அந்த மாத்திரையே சிலருக்கு இதைக் கொண்டுவரும் என்று இப்போதுதான் தெரியவருகிறதாம். "அது இல்லேன்னா இந்த நாலு வருஷமும் இல்லம்மா" என்றார். அதையும் மறுக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்து, எங்கள் சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி வீட்டுக்கு வந்து ஜெபித்தார். கிளம்பும்போது, "யக்கா, இத வெளிய சொல்லாதீங்க. ஒங்க சாட்சிய நம்பி எத்தன பேரு இருக்காக. கேட்டா ரத்தசோகைன்னு சொல்லிருங்க" என்றார்.

"நான் அன்னைக்குச் சொன்னது பொய்யில்லையே தாயி?"

அவர் குடையை விரித்தார்.

அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் நானாகவே எழுந்து நின்றேன். உபதேசியார் உடனே பாட்டை ஆரம்பித்தார். சபையும் சேர்ந்து பாடியது. முடியும்வரை நின்றேன். முடிந்ததும் அடுத்த பாட்டை எடுத்தார்.

அந்த நாலு வருஷத்துக்கு நன்றி சொல்லத்தான் நான் எழுந்தேன். யாரும் கேட்கவில்லை.