பதினேழாவது ஃபைல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. இது நடந்தது இரவில் இல்லை. ஜூலை மாதம், வியாழக்கிழமை, பட்டப்பகல் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வராண்டாவில் மாணவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். அப்படியிருந்தும் நடந்தது.

என் பெயர் மைத்ரேயி. வீடு கோச்சடையில். வாடிப்பட்டி போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மதுரையில் ஏது கடல் என்று எல்லோரும் கேட்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை கடற்கரைக்குப் போய் மாதிரி எடுத்து வருவோம். மற்ற வேலையெல்லாம் இங்கே லேபில்தான். என் கைடு பேராசிரியர் முத்துக்குமரன். துறையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எனக்கு முன்னால் அவரிடம் ஆராய்ச்சி செய்தவள் முத்துமீனா. உசிலம்பட்டிப் பக்கம். அப்பா இல்லை. அம்மா காட்டு வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். மார்ச் மாதம் மண்டபம் ஊரை ஒட்டிய கடலில் ஹைட்ரோபோன் இறக்கப் போனவள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. படகோட்டி வராததால் அன்று சாரே படகை ஓட்டினார். படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். ‘எச்சரித்தும் கேளாமல் நீந்துவதற்காகக் குதித்துவிட்டார்’ என்று சார் எழுதிக் கொடுத்தார். விசாரணை அத்தோடு முடிந்தது.

நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோபோன் என்பது தண்ணீருக்கடியில் வைக்கும் மைக். கூடவே பதிவு செய்யும் கருவியும் இருக்கும். மீன்கள் எழுப்பும் சத்தத்தை வைத்து அங்கே என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுப்போம். அவள் இறக்கிய கருவி ஜூலையில் ஒரு மீனவரின் வலையில் சிக்கி, கூரியரில் வந்து சேர்ந்தது. அட்டெண்டர் சுருளி அண்ணன் பெட்டியை மேசையில் வைத்தார்.

“மீனா பாப்பா எறக்குன மிசினா இது?”

“ஆமாண்ணே.”

அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “அடியில ஈரமா இருக்கு, பாத்துக்கங்க.”

மூன்று நாள் லாரியில் கிடந்து, இந்த வெயிலில் வந்த பெட்டி. அடியில் ஈரம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கருவியிலிருந்த மெமரி கார்டில் பதினேழு ஃபைல்கள் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போன் மாட்டிக் கேட்க ஆரம்பித்தேன். காய்ந்த சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரே படபடப்பு. கடலடியில் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம். பதினாறு ஃபைலிலும் அதுதான்.

பதினேழாவதைத் திறந்தபோது மணி 2.10. பட்டியலில் கடைசியாக இருந்தது, ஆனால் தேதி மார்ச் பதினான்கு. கருவியை இறக்கிய நாள். வரிசைப்படி அது முதலில் இருந்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டு நிமிடம். முதலில் படகு இன்ஜின். பிறகு இன்ஜின் நின்றது. ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்தது. அப்புறம் பலகையில் தட்டுவது மாதிரி... டொக். டொக். டொக்.

“சார்... கயித்தப் போடுங்க சார்.”

பெண் குரல். காதுக்குள் பேசுவது மாதிரி அவ்வளவு தெளிவு. தண்ணீருக்கு மேலே பேசுவது ஹைட்ரோபோனில் இப்படிக் கேட்காது. கேட்கவே கூடாது.

“சார்... அந்த டேட்டா பொய்னு நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார். கயித்தப் போடுங்க.”

டொக். டொக். டொக்.

இன்ஜின் கிளம்பியது. சத்தம் தூரமாகப் போனது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் முழுவதும் கேட்டேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கடுகு வெடிக்கும் சத்தம் மட்டும் மிச்சம்.

சாருக்குப் போன் செய்தேன். 2.48க்கு லேபுக்குள் வந்தார். கதவைத் தாழிட்டார். ஹெட்போனில் இரண்டு நிமிடம்தான் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வேற யார்ட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார்.”

“டெலீட் பண்ணிரும்மா.”

நான் அசையவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. “உன் ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் இன்னும் என் மேசையிலதான் கிடக்கு. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, வீட்டில் சண்டை போட்டு வாங்கிய சீட். அழித்தேன். நான்தான். என் விரலால். மீட்க முடியாதபடி அழித்தேன். சார் கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி 3.02.

திரையில் பதினேழாவது ஃபைல் மறுபடி இருந்தது.

“அழிக்கலையா?” என்றார்.

“அழிச்சேன் சார்.”

இப்போது முப்பத்தொரு நிமிடம். தேதி, அன்றைய தேதி. நேரம் 3.40.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3.03. இன்னும் வராத நேரம் அது.

சார் ஹெட்போனை உருவிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். கூடுதலாக இருந்த ஒன்பது நிமிடத்துக்கு நகர்த்தினார்.

இருமல். மூச்சுத் திணறல். வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு ஆண் குரல்.

“கயிறு... யாராவது... கயிறு...”

அது சாரின் குரல்.

அவர் என்னைப் பார்த்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. “நான் அன்னிக்கு தண்ணியில எறங்கவே இல்லையே...”

ஸ்பீக்கரில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“கயிறு வேணுமா சார்?”

அப்புறம் சிரித்தாள்.

சார் கதவைத் திறந்து ஓடினார். 3.09. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் நிற்கவில்லை.

சட்டியில் கடுகு...

கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தேன்.

நிற்கவில்லை.

என் நாற்காலிக்கு அடியில்... தரைக்குள்ளிருந்து...

டொக்.

டொக்.

டொக்.

“மைத்ரேயி... அழிச்சிட்டீங்களா?”

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

சாரின் காரை அன்று மாலை ஐந்தரைக்கு ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்திருக்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி நின்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சார் டிரைவர் சீட்டில் இருந்தார். சட்டை ஈரமில்லை. நுரையீரல் நிறையத் தண்ணீர் இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள். உப்புத் தண்ணீர். இறந்த நேரம் சுமார் மூன்றே முக்கால். மதுரையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

போலீஸ் லேபுக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் பதினாறு ஃபைல்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னேன். ஃபைலை அழித்தது சார் என்றேன். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். முத்துமீனாவின் அம்மா ராமக்காள் களையெடுப்பிலிருந்து அப்படியே வந்தார். கைமண்ணைக்கூடக் கழுவவில்லை. மகள் தானாகக் குதிக்கவில்லை, கயிறு கேட்டுக் கூப்பிட்டாள், அந்தப் பதிவை அழித்தாகிவிட்டது என்று சொன்னேன். அவர் அழவில்லை. கைமண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எம்புள்ள எம்புட்டு நேரம் தாயி கூப்பிட்டுச்சு?”

“கொஞ்ச நேரந்தாம்மா.”

“அத அழிச்சது அந்த ஆளுதானா?”

“ஆமாம்மா.”

அங்கேயும் பொய்தான் வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் ஆறாம் தேதி, காலை 11.20க்கு சைபர் கிரைம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அழிந்த ஃபைலை மீட்டுவிட்டார்களாம். பேசியவர் பெயர் பீமாராவ். நிதானமான மனிதர்.

“முப்பத்தஞ்சு நிமிஷம் ஓடுதுங்க மேடம். மூணு பேர் பேசுறாங்க. மூணாவது ஆள் யாருன்னு தெரிஞ்சா எழுதிக்கலாம்.”

“ரெண்டு பேர்தான் சார். முப்பத்தொரு நிமிஷம்.”

“இல்லங்க, மூணு. கடைசி நாலு நிமிஷம் ஒரு பொண்ணு கயிறு கேக்குது.”

“அது முத்துமீனாவா இருக்கும்.”

“அந்தப் பொண்ணு வேற. அது பதில் சொல்லுது. இது கூப்பிடுது.” அவர் கொஞ்சம் தயங்கினார். “தப்பா நெனைக்காதீங்க. போன்ல இப்ப நீங்க பேசுறீங்கல்ல... அதே குரல் மாதிரிதான் இருக்கு.”

ஃபைலில் என்ன தேதி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

சொன்னார்.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ராமக்காளிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். படிப்பை விட்டுவிட்டேன். கடல் பக்கம் போவதில்லை.

அந்தத் தேதி இன்னும் வரவில்லை.