இரண்டு கரண்டித் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்கச் சில கிழமைகள் இருக்கும்போது, குருநகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் முப்பது வருடம் கடல்தொழில் செய்தவர். ஒரு நாள் காலை கடலால் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலப்பக்கம் விழுந்து, பேச்சுக் குழறி, விழுங்கும் சக்தியும் போய்விட்டது. மூக்கு வழியாகப் போட்ட குழாயால்தான் கஞ்சி, மருந்து எல்லாம்.

நான் வாய்க்காரி. ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும் மறுகேள்வி கேட்பேன். எப்போது வாயால் சாப்பிடுவார் என்று டொக்டரைக் கேட்டுக் கேட்டே அலுப்புக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் எங்களை ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார். என் மகள் வயதுப் பிள்ளை. தலையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, விழுங்குவதை நடத்தும் மூளைப் பகுதியைத் தூண்டிப் பார்க்கலாம் என்றார். வெட்டுக்கொத்து இல்லை, ஊசி இல்லை.

மின்சாரம் என்றதும், உயிருக்கு ஆபத்தில்லையா என்று மூன்று தரம் கேட்டேன். ஆனால் பார்த்தால் ஒரு சின்னப் பெட்டியும் இரண்டு வயரும்தான். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து ரப்பர் பட்டியால் கட்டினார். இருபது நிமிடம். அந்த நேரம் முழுக்க எச்சிலை விழுங்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தபடி, குரல்வளை எழும்புகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் உரசின மாதிரிக் கடிக்கிறது என்று இவர் குழறிக் குழறிச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தப் பிள்ளை எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இது பயிற்சிக்கு ஒரு துணைதான், எல்லோருக்கும் சரிவராது, இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். "இருமேல்லை எண்டா மூச்சுக்குழாய்க்கை போகேல்லை எண்டு நினைச்சிடாதேங்கோ அன்ரி. இவருக்குத் தண்ணி பிழையாப் போனாலும் இருமல் வராது." அதனால் தான் அனுமதி தரும்வரை வாயால் ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன்.

தினமும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். இரண்டாம் கிழமை கடைவாயால் வழிகிற எச்சில் குறைந்தது. ஒரு வியாழக்கிழமை அந்தப் பிள்ளை கூழ்போலக் கட்டியான கஸ்ரட் அரைக் கரண்டி எடுத்து இவர் நாக்கில் வைத்தார். விழுங்கினார். நான் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு, நாங்கள் நன்மை என்று சொல்லும் நற்கருணை அப்பத்தைக் கொடுக்கப் பாதர் வீடு வீடாக வருகிற நாள். முந்திய மாதங்களில் வந்தபோது இவருக்கு ஆசீர்வாதம் மட்டும் தந்துவிட்டுப் போனார். அப்போதெல்லாம் இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கடலுக்குப் போகும் காலத்தில் ஒரு ஞாயிறும் நன்மை வாங்காமல் இருந்ததில்லை இந்த மனிதர்.

பாதர் வழக்கம்போல ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். நான் இடையில் புகுந்து, இனி வாயால் விழுங்குவார், சின்னத் துண்டாக நன்மை கொடுங்கள் என்றேன். பாதர் என்னைப் பார்த்தார்.

"டொக்டர்மார் குடுக்கலாமெண்டு சொன்னவையோ?"

"ஓம் பாதர், சொன்னவை."

நற்கருணைப் பாத்திரம் அவர் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று, கூசாமல் சொன்னேன். அவர் ஒரு சின்னத் துண்டை முறித்து இவர் நாக்கில் வைத்தார். அது உள்ளே இறங்கட்டும் என்று நான் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். இவர் இருமவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. கஸ்ரட்டையே விழுங்கினவருக்குத் தண்ணீர் என்ன பெரிய காரியம் என்று நான் நினைத்தேன். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் லேசு என்பது என் புத்தி. அது லேசாக இருப்பதால்தான் பிடிக்குத் தப்பி மூச்சுக்குழாய்க்குள் ஓடுகிறது என்று அந்தப் பிள்ளை பிறகு விளக்கித்தான் எனக்கு விளங்கியது. அடுத்த நாளும் இவர் ஆசைப்பட்டார் என்று இரண்டு மிடறு கொடுத்தேன்.

ஞாயிறு காய்ச்சல். திங்கள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலுக்குள் ஏதோ போய்க் கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். வாயால் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இரண்டாவது பொய் முதலாவதை விடச் சுகமாக வந்தது.

அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஓடி வந்தார். கட்டில் காலடியில் நின்று குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"பிழை என்னிலை போலக் கிடக்கு அன்ரி. நான்தான் அந்தக் கரண்டியை அவசரப்பட்டுக் குடுத்திட்டன்."

இவருக்கு இனி மின்சாரமும் வேண்டாம், விழுங்கும் பயிற்சியும் வேண்டாம், நிரந்தரமாக வயிற்றில் குழாய் போடுவது பற்றி டொக்டரோடு கதைக்கப் போவதாகச் சொன்னார். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். எதற்கும் மறுகேள்வி கேட்கிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், கட்டின புருஷனைத் தண்ணீர் கொடுத்துக் கொல்லப் பார்த்தவள் என்று வாட்டே பார்க்கும் என்ற வெட்கம். அந்தப் பிள்ளை திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அப்போது இவர் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது. "சொல்லு."

நான் அந்தப் பிள்ளையின் பின்னால் ஓடிப்போய் வாசலில் வைத்துப் பிடித்தேன்.

"மிஸ், தண்ணி நான்தான் குடுத்தனான். பாதருக்கும் பொய் சொன்னனான், இங்கை கேட்டவைக்கும் பொய் சொன்னனான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குறிப்புக் கொப்பியைத் திறந்து எந்த நாள், எத்தனை கரண்டி, படுத்தபடியா இருந்தபடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து, "நல்ல காலம் சொன்னீங்கள். இல்லாட்டி இதோடை விட்டிருப்பம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

இன்னும் நான்கு நாள் இழுபறி. பிறகு தேறினார். ஒரு மாதம் கழித்துப் பெட்டியும் பஞ்சும் திரும்ப வந்தன. மூக்குக் குழாயை எடுக்க ஆனி மாதம் ஆகிவிட்டது. மின்சாரத்தாலா, பயிற்சியாலா, நாள் போனதாலா, செபத்தாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். இப்போது குழைத்த சோறும் முள் எடுத்த மீனும் சாப்பிடுகிறார். தண்ணீரை மட்டும் இன்றைக்கும் மாக் கரைத்துக் கட்டியாக்கித்தான் கொடுக்கிறேன்.

பாதரிடமும் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. ஆனாலும் அது அன்பினால் சொன்ன பொய்தானே என்று மனம் இடைக்கிடை எனக்காக வாதாட வரும். அந்த நான்கு நாளும் இவர் ஒவ்வொரு மூச்சுக்கும் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அந்த வாதம் என்னிடம் எடுபடுவதில்லை.