என் அட்டவணையில் இல்லாத கட்டம்

காலாண்டு இயற்பியல் தேர்வில் என் தங்கை மூன்று பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள். மீதித் தாள் வெறுமையாக இருந்தது.

"எல்லாம் படிச்சதுதான்க்கா. திடீர்னு ஒண்ணுமே ஞாபகம் வரல" என்றாள்.

அதுதான் முதல் அறிகுறி. நான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன்.

சுகன்யாவுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. நான் தேயிலைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இலையின் ஈரம், அறையின் வெப்பம், நேரம் மூன்றையும் மணிக்கொரு முறை குறிப்பது என் வேலை. குறிக்கப்படாத எதையும் நம்பாதே என்பது நாங்கள் பெற்ற பயிற்சி. அந்தப் பழக்கத்தில் தங்கைக்கும் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். எழுந்த நேரம், படித்த நேரம், கைப்பேசி எடுத்த நேரம், படுத்த நேரம்.

காலை நான்கரைக்கு அவளை எழுப்பியது நான். கண் சொருகாமலிருக்கப் பிளாஸ்க் நிறையக் கடுந்தேத்தண்ணி ஊற்றி வைத்ததும் நான். அம்மாவைப் பெற்றவர்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பால் விடாத டீக்கு எங்கள் வீட்டில் இன்றும் தேத்தண்ணி என்றுதான் பெயர்.

சந்தேகங்களை வரிசைப்படுத்தினேன். கைப்பேசி, காதல், படிக்க விருப்பமின்மை. கைப்பேசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிப் பையைக் கொட்டினேன். அடியில் ஆறு சாக்பீஸ் துண்டுகள் இருந்தன. ஒன்றில் பல் பதிந்திருந்தது.

"போர்டுல தலைப்பு எழுதுறது நான்தானே" என்று பிடுங்கிக்கொண்டாள். பொய் என்று தெரிந்தது. எதற்கான பொய் என்று தெரியவில்லை.

பேருந்து நிற்கும் சாலையிலிருந்து, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு ஏற நீண்ட படிக்கட்டு உண்டு. பாதியில் நின்று மதிலைப் பிடித்துக்கொள்வாள். அதையும் நடிப்பு என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். பள்ளியிலிருந்து அழைத்தார்கள்.

கூடலூரில் ஒரு மருத்துவமனையின் நடையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மருத்துவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, புள்ளை சோம்பேறின்னு நெனச்சீங்களா? ஒடம்புல ரத்தமே இல்லைங்க."

ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) ஒன்பது புள்ளி ஒன்று; பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். ஃபெரிட்டின் (உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் புரதம்) ஏறத்தாழ இல்லை. வளரும் வயதும் மாதவிடாயும் சேரும்போது பெண் பிள்ளைகளுக்கு இது சகஜம் என்றார். இரும்பு குறைந்தால் கவனமும் நினைவும் நழுவும்.

எனக்கு அறிக்கை மீதும் சந்தேகம். "இந்தக் கருவியைக் கடைசியா எப்ப சரிபார்த்தாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"ஃபேக்டரியில வேலைங்களா?" என்று சிரித்தார்.

அட்டவணையில் இரும்பு மாத்திரைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். தினமும் காலை இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டதும் மாத்திரை. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வேன். நாக்கைத் தூக்கச் சொல்வேன். பிறகுதான் டிக். இரண்டு மாதத்தில் ஒரு டிக் கூடத் தவறவில்லை.

மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஒன்பது புள்ளி மூன்று.

அன்று வீட்டுக்கு வந்ததும், "எங்க துப்புன? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"நீதானே வாய்க்குள்ள தலைய வுட்டுப் பாத்த?"

"அப்புறம் வாந்தி எடுத்திருப்ப."

"வேணும்னா வயித்தக் கிழிச்சுப் பாத்துக்க." சுவரிலிருந்த அட்டவணையைப் பிய்த்து என்மேல் எறிந்தாள். "எனக்கு மூளையே இல்லக்கா. அதான் மருந்தும் ஏற மாட்டேங்குது. நான் பரீட்சை எழுதல. எஸ்டேட்ல பேர் பதிஞ்சுட்டு அம்மாகூடக் கொழுந்துக்குப் போறேன்."

அம்மா மெல்லக் கேட்டார்: "நான் இந்த மலையில முப்பது வருசமா முதுகு வளைஞ்சது இதக் கேக்கவா?"

கசங்கிய தாளை எடுத்துக்கொண்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். என் கண்காணிப்பில் குறையில்லை, குறை தங்கையிடம்தான் என்று காட்டுவதற்காக. அவர் எல்லா டிக்குகளையும் பொறுமையாகப் பார்த்தார்.

"மாத்திரைய எதுலங்க முழுங்குது?"

"தேத்தண்ணிலதான்" என்றாள் சுகன்யா.

"யாரு ஊத்தித் தர்றது?"

"நான்" என்றேன்.

எங்கள் லைனில் எல்லா மாத்திரையும் அதில்தான் விழுங்கப்படும், காய்ச்சலுக்கானாலும் தலைவலிக்கானாலும். யாரும் யோசிப்பதில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு, பெரும்பகுதியை உடலில் சேரவிடாது என்றார் மருத்துவர். கோப்பையில் துவர்ப்பு போதாது என்று ஒரு நாள் உற்பத்தியையே நிறுத்தி வைத்தவள் நான். அதே துவர்ப்பை என் கையாலேயே அவளுக்குக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிச் சரிபார்த்திருக்கிறேன். எதில் விழுங்கினாள் என்பதற்கு என் தாளில் கட்டமே இல்லை.

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "சாக்பீசு, பச்சரிசி ஏதாவது திங்கறயா கண்ணு?"

அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பைகா (உணவல்லாதவற்றைத் தின்னத் தோன்றும் நிலை) என்று பெயராம். இரும்புக் குறையோடு வருவதுண்டு. பல் பதிந்த துண்டின் கணக்கு அங்கே முடிந்தது.

"இரும்பு மட்டுமில்லீங்க. அஞ்சு மணி நேரத் தூக்கத்துல படிச்சது எப்படிங்க தங்கும்? யோசிச்சு முடிவெடுக்கற முன்மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளர்ந்துட்டுத்தான் இருக்கும். அதை அவசரப்படுத்துனா ஆகாதுங்க."

தொழிற்சாலையில் பறித்த இலை வாடுவதற்கென்று பல மணி நேரம் உண்டு. சூடான காற்றை அடித்து முடுக்கினால் தொடும்போது வாடியது போலவே இருக்கும். கோப்பையில் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெரிந்த பாடம்தான். எனக்கு இருபத்து நான்கு வயது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

ஒரே வீடு, ஒரே பிளாஸ்க் என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். அம்மாவுக்குப் பத்து. எனக்கு எட்டு புள்ளி ஆறு. படியில் மூச்சு வாங்கியதைக் குளிர் என்றும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்ததை வேலைப் பளு என்றும் வைத்திருந்தேன். என்னை நான் சந்தேகித்ததேயில்லை.

இதே நிலையில் உள்ள வீடுகளுக்கு ஒன்று சொல்வேன். இரும்பு மாத்திரையைத் தண்ணீரில் கொடுங்கள். டீக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளை "ஞாபகம் வரல" என்றால், முதலில் அதை உண்மையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் அவள் தேர்வு எழுதினாள். இயற்பியலில் கூடுதல் தாள் வாங்கியதாக அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. இரும்பா, தூக்கமா, சுவர் காலியானதா, எது அவளைத் தேற்றியது என்று பிரித்தறிய வழியில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது காலையில் என் மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் நீண்ட நேரம் காலியாகக் கிடக்கிறது. அதில் எதையும் நான் குறிப்பதில்லை. படியில் எனக்கு எங்கே மூச்சு வாங்குகிறது என்று மட்டும் கவனிக்கிறேன். அந்த இடம் மெல்ல மேலே ஏறிவருகிறது.

தண்ணீர்ச் செம்பும் மாத்திரை அட்டையுமாகத் தங்கை முன்னால் வந்து நிற்கிறாள்.

"வாயத் திற. நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டுகிறேன். குனிந்து, நேரமெடுத்துப் பார்க்கிறாள். நம்பியதாகத் தெரியவில்லை.