தாழ்ந்த கதிரை

அடுத்தவரின் தகப்பன் செத்ததற்கு நான் அனுதாபம் வாங்கியிருக்கிறேன். வாங்கியதோடு நிற்காமல் அழுதும் இருக்கிறேன். நாற்பதைக் கடந்த, நாலு எழுத்துப் படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். படிக்காதவனாக இருந்தால் யாரையாவது விசாரித்துக்கொண்டு போயிருப்பான்.

தொண்ணூறுகளில் மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூத அறிஞர் இருந்தார். பழைய மொழிகளில் ஊறிய முதியவர். அவருடைய மகன் ஓர் அரசியல் தலைவர். தொலைக்காட்சிச் செய்தியில் அடிக்கடி வந்து எதையாவது மறுப்பார். கிழவரும் நானும் ஞாயிறுதோறும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஹீப்ரு மூத்ததா தமிழ் மூத்ததா என்று சண்டை பிடிப்போம். தீர்ப்பு வருமுன் அவர் போய்விட்டார். நான் அவருக்குச் சொந்தமில்லை. நண்பன் என்று அவர் ஒருநாளும் சொன்னதுமில்லை. ஆனால் அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு வேலியோரம் போய் நின்று அவரைத் தேடினேன். அழ எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமலே அந்த வீட்டுக்குப் புறப்பட்டேன். சவரம்கூடச் செய்யவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. வழக்கம்போலச் சப்பாத்தை வாசலில் கழற்றினேன். வேறு யாருடைய சப்பாத்தும் அங்கே இல்லை என்பது உறைக்கவில்லை. உள்ளே யாரோ தலைக்கு ஒரு சிறு தொப்பி தந்தார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். கதிரைகளில் ஒன்று மட்டும் முழங்கால் உயரம்கூட இல்லை. செத்த வீட்டில் உயரமான கதிரையில் இருப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான். பணிவோடு அதில் அமர்ந்தேன்.

அது மகனுக்கு வைத்த இடம். அவர் பின்னறையில் டெலிபோனில் இருந்தார். துக்கம் காக்கும் பிள்ளை தோல் சப்பாத்துப் போடுவதில்லை, சவரம் செய்வதில்லை, உடுப்பில் ஒரு கிழிசல் போட்டுக்கொள்வது வழக்கம் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

முதியவர்கள் மூவர் வந்து எதிரே அமர்ந்து என்னையே பார்த்தார்கள். பேசவில்லை. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாதாம். வந்தவர்கள்தான் முதலில் பேசவேண்டும் என்று நானும் காத்திருந்தேன். நேரம் போயிற்று. தொப்பி கோணலோ என்று தடவிப் பார்த்தேன். கடைசியில் ஒருவர் எழுந்து ஹீப்ருவில் ஏதோ சொன்னார். இன்னொருவர் தடித்த கண்ணாடி வழியே குனிந்து, "இந்தியாவில் இருந்த மகனா?" என்று மெல்லக் கேட்டார்.

"யாழ்ப்பாணம்," என்றேன்.

அவர் துயரத்தோடு தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிமிர்ந்தபோது மகன் நின்றார். காலில் துணிச் செருப்பு, முகத்தில் தாடி, கோட்டில் கிழிசல். எல்லாம் விளங்கியது. எழும்பப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை.

"இருங்கள்," என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு சண்டை பிடித்தது நீங்கள்தானே. எனக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். ஹீப்ருவில் பேசிய முதியவர் அதே ஆறுதல் வார்த்தைகளை மறுபடி சொன்னார். அதில் எனக்கும் பங்கு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். குசினியில் வெங்காயம் அரிந்தபடி கேட்டாள்.

"அவ்வளவு நேரமும் நீங்கள் வாய் திறக்கேல்லையோ?"

"ஓம்."

"அந்த மனிசன் உயிரோட இருக்கேக்க ஒரு நாளெண்டாலும் அப்பிடி இருந்திருக்கலாம்."