நாலு சில்லும் இழுக்கிற கார்

நோர்வேயில் டயர்களுக்கு ஹோட்டல் இருக்கிறது. பகிடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பனிக்காலத்துக்கு ஒரு வகை டயர், கோடைக்கு இன்னொரு வகை. ஒன்று காரில் ஓடும்போது மற்றது ஒரு கட்டடத்துக்குள் பெயர் ஒட்டி, அடுக்கி, கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பெயரே டெக்ஹொட்டேல்தான். வாடகை கட்டுகிறோம். சொந்த ஊரான பரந்தனில் இருக்கும் என் தம்பி சுதனிடம் இதை முதல்முறை சொன்னபோது, "அக்கா, சாப்பாடும் குடுப்பாங்களோ?" என்று கேட்டான். போன ஐப்பசியில் டயர் மாற்றப் போனபோது, அங்கே வேலை செய்கிறவர் என் பனி டயர்களைத் தடவிப் பார்த்து, இந்த ஒரு பனிக்குத்தான் தாங்கும் என்றார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கார் விற்கிற பகுதியில் நின்ற ஒரு காரைக் காட்டினார். சின்னக் கார்தான், பின்கதவு மேலே திறக்கும் வகை. ஆனால் முன்னும் பின்னுமாக நாலு சில்லும் இழுக்கும், என்னுடைய காரைவிட எவ்வளவோ வேகம். பழையதைக் கொடுத்து இதை எடுக்கலாம் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மனம் போய்விட்டது.

நான் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். இங்கே எங்கள் ஊர் கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிறது. எங்கள் வீடு மேட்டில். மாசியில் மேட்டு ரோட்டில் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். முன்சில்லு மட்டும் இழுக்கும் என் கார் பாதி ஏற்றத்தில் நின்று யோசிக்கும். பிறகு மெல்லப் பின்னுக்கு வரும். எத்தனையோ காலை காரைக் கீழே விட்டுவிட்டு, சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். ஆக, எனக்கு அந்தக் கார் தேவைதான். ஆனால் தேவையை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. எனக்கு வேகமும் பிடிக்கும். ஒரு பொம்பிளைக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நான் முந்திப் போய்விடுவேன்.

தடையாக நின்றது என் கணவர். கிளிநொச்சிக்காரர், என்னைவிட முந்தி இங்கே வந்தவர். "கண்டறியாத கார்" என்றார். "இன்னும் ரெண்டு வருசத்தில ஊருக்குப் போறம் எண்டு சொல்லிக்கொண்டு இப்ப புதுக் கார் எடுக்கிறதோ? இதை வாங்கினா, நாங்கள் திரும்பிப் போறேல்லை எண்டு எழுதிக் குடுக்கிற மாதிரி. யோசிச்சுப் பாரும்." இந்த 'இன்னும் ரெண்டு வருசம்' நான் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் இருக்கிறது. புலம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போகப்போகிறோம் என்பதால் நல்ல கதிரை வாங்கமாட்டோம், அலுமாரி வாங்கமாட்டோம், கார் வாங்கினால் யாரோ ஓடிக் களைத்ததையே வாங்குவோம். ஆனால் ஊரில் வீடு மட்டும் கட்டிவிடுவோம். நாங்களும் பரந்தனில், தம்பி வளவுக்குப் பக்கத்து வளவில், மூன்று அறையோடு கட்டினோம். திரும்பிப் போகிறவர்கள் வீடு இல்லாமல் எப்படிப் போவது?

இருந்தாலும் காரை ஓடிப் பார்ப்பதற்குச் சம்மதித்தார். கடலோரப் பாதையில், விற்பனையாளர் பின்சீட்டில், கணவர் எனக்குப் பக்கத்தில். நேரான இடம் வந்ததும் அக்சிலேற்றரை அமத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முறிகண்டிப் பிள்ளையாரே!" என்றார். அவர் என்ன சொன்னார் என்று விற்பனையாளர் கவலையோடு விசாரித்தார். எங்கள் நாட்டில் ஒரு பெரிய ரோட்டில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, அதைக் கடக்கிற எல்லா வாகனமும் நின்று கும்பிட்டுத்தான் போகும் என்றேன். "எல்லா வாகனமுமா? நிற்காவிட்டால் எவ்வளவு தண்டம்?" என்று கேட்டார். அப்படி யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார், கடுமையான சட்டம் என்று விளங்கிக்கொண்டார் போல. பிறகு, காரை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பரந்தனில் தொடங்கினேன். வீடு, தம்பி, இரண்டு வருசம், கணவரின் ஓய்வூதியம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் ஐந்து வருட ஒப்பந்தம் சரியாக இருக்கும்" என்றார். சிவப்பிலும் சாம்பல் நிறத்திலும் நின்ற கார்களில் ஒன்றைப் புதுவருட விடுமுறை முடியும்வரை எங்களுக்காக வைத்திருக்கவும் ஒப்புக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எங்கள் லாண்ட்மாஸ்டர் ஞாபகம் வந்தது. வயல் உழுகிற இரண்டு சில்லு மெசின், பின்னால் பெட்டி. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் எங்கள் வீடே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பானை, தகரம், அரிசி மூட்டை, அம்மா. அப்பா ஓட்டினார், நானும் சுதனும் பின்னால் நடந்தோம். மழையில் சேற்றுக்குள் சில்லு புதைந்து, சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரு சாண் நகரவில்லை. பின்னால் நின்ற வண்டிகளில் இருந்த சனமும் இறங்கி வந்து தள்ளியது. ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. இதை அழுவதற்காகச் சொல்லவில்லை. இழுவை இல்லாத சில்லு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். மேட்டு ரோட்டில் என் கார் பின்னுக்கு வழுக்குகிற அந்த ஒரு கணத்தில் நான் இன்னும் அந்தச் சேற்றுக்குப் போய்வருகிறேன். கணவர் அந்த நேரம் அங்கே இருக்கவில்லை. அவருக்கு அது விளங்காது என்று அவரோடு சண்டை பிடிப்பதிலும் நியாயமில்லை.

மார்கழி விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். சுதன் வாடகை வான் ஓடுகிறவன், விமான நிலையத்துக்கே வந்து ஏற்றினான். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். பரந்தன் வந்து சேர்ந்தபோது வயலெல்லாம் பச்சை, ரோட்டில் தண்ணீர். எங்கள் வீட்டைத் திறந்துவிட்டான். கட்டி இத்தனை வருடமாகியும் பெயின்ற் வாசம் போகவில்லை. தரையில் ஒரு தூசி இல்லை. அலுமாரிக் கதவில் கடையில் ஒட்டிவந்த பிளாஸ்ரிக் அப்படியே இருந்தது.

சுதனுடைய வீடு வேலிக்கு அந்தப் பக்கம், யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு குசினி. மூன்று பிள்ளைகள். பின்னேரமானதும் பிள்ளைகள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து படிப்பார்கள். பொழுதுபட்டதும் புத்தகத்தை அள்ளிக்கொண்டு திரும்பிப் போய், அந்த இரண்டு அறைக்குள் நெருங்கிப் படுப்பார்கள். வெள்ளிக்கிழமை சுதனின் மனைவி ரஜனி தலைமுழுகி வந்து, எங்கள் வீட்டில் விளக்கேற்றினாள். ஆளில்லாத நாளெல்லாம் ஏற்றியவள், நான் அங்கே இருக்கும்போதும் அவள்தான் ஏற்றினாள், பழக்கதோசம். வீடு என்றால் வெள்ளிக்கிழமை விளக்கு எரியவேணும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பிள்ளைகளில் சின்னவளிடம், "இஞ்சயே படுங்கோவன், மாமியோட" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் சிரித்தபடி சொன்னாள்: "இவர் விடமாட்டார் அக்கா. நீங்கள் ஊரோட வந்து இருக்கேக்க எல்லாம் புதுசா இருக்கோணும் எண்டு சொல்லுவார். ஒரு ஆணிகூட அடிக்க விடுறேல்லை."

நாங்கள் இரண்டு வருசம், இரண்டு வருசம் என்று சொன்னதை இந்த உலகத்தில் ஒருவன் நம்பியிருக்கிறான். நாங்கள் வாய்ப்பேச்சாக வைத்திருந்ததற்கு அவன் காவல் இருந்திருக்கிறான். அவனுடைய பிள்ளைகள் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து வளர்ந்திருக்கிறார்கள். அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் திரும்பி வரப்போவதில்லை. ஆசை இல்லாமலில்லை. ஆனால் என் வேலை, என்னை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிற என் கிழடுகள், நான் வழுக்கி விழுந்து பழகிய ரோடு எல்லாம் அங்கேதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருசமும் ஒரு காரும் தேவைப்பட்டிருக்கிறது.

நோர்வே திரும்பியதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனதைச் சொன்னபோது எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திரும்பிப் பாராமலே, "சிவப்பு வேண்டாம். சாம்பல் நிறம் எடும்" என்றார். மனுசனின் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

காரை எடுத்த அன்றைக்கே மேட்டு ரோட்டில் ஏற்றினேன். ஒரு முனகல் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை, நேரே போய் வாசலில் நின்றது. இறங்காமல் உள்ளே இருந்தபடியே சுதனுக்குப் போன் எடுத்தேன். வீட்டுக்குள் குடிபோ, அலுமாரிப் பிளாஸ்ரிக்கை உரித்து எறி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மூலை குடு, இனி அது உன்னுடைய வீடு, எழுத்து வேலையை நான் வந்து முடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று நாலைந்து தரம் சொன்னான். நான் விடவில்லை. கடைசியில், "சரி அக்கா. அப்ப உங்களுக்கு எந்த அறையை விடுறது?" என்று கேட்டான்.

"எனக்கேன்டா தனி அறை? விருந்தாளியள் வந்தா படுக்கிற அறையை விடு. அது காணும்" என்றேன்.

"அப்பிடி ஒரு அறை இல்லையே அக்கா. இந்த வீட்டுப் படத்தை நீங்கள்தானே கீறினீங்கள்."

அவன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். நான் போனைக் காதில் வைத்தபடி, வெளியே பனி கொட்டக் கொட்ட, அந்த வீட்டின் மூன்று அறைகளுக்குள்ளும் மனதால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.