மூன்று ஊர்களில் ஒரு சம்மதம்

அடையாற்றில் எங்கள் அடுக்குமாடியில் ஆறு வீடுகள். ஆறு சொந்தக்காரர்களில் மூன்று பேர்தான் அங்கே குடியிருந்தோம். மற்ற மூவரில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் மஸ்கட்டில், ஒருவர் பம்பாயில். அவர்கள் வீடுகளில் வாடகைக்கு ஆள் இருந்தார்கள். நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்றவன், பொழுது போகாதவன் என்று சொல்லி எல்லோருமாக என் தலையில் கட்டியது. அவர்கள் ஒன்றுசேர்ந்து தாமதமில்லாமல் எடுத்த முடிவு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் எங்கள் போர்க் கிணறு வற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் காற்று வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வந்து தெருமுனையில் இருந்த கறுப்புத் தொட்டியில் தண்ணீர் விட்டுப் போகும். அதைப் பிடித்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அப்போதுதான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. கனம் தூக்கக் கூடாது. தூக்கியவள் என் மனைவி. அவளுக்கு முழங்கால் வீக்கம். லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடிக்கு முப்பத்தாறு படிகள், லாரி வரும் நாளில் ஏழு குடங்கள். நான் வாசலில் நின்று எண்ணுவேன். வேறென்ன செய்ய? ஒருநாள் ஐந்தாவது குடத்தோடு படித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எண்ணினது போதும், கதவையாவது திறந்து வையுங்கள் என்றாள்.

புதிதாக ஒரு போர் போட்டால் தீர்ந்தது. இடம் பார்த்தாயிற்று. பணம் போடுவதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் பொது இடத்தில் எதைத் தொட்டாலும் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. உள்ளூர்க்காரர்கள் மூவரும் மாடிப்படியில் நின்றபடியே சம்மதித்துவிட்டோம். வெளியூர்க்காரர்களுக்காக நான் தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன்.

அமெரிக்காக்காரர் மரியாதை தெரிந்தவர். "எனக்கு ஆட்சேபணையே இல்லை மாமா. மஸ்கட்காரர் இன்ஜினியர். மொதல்ல அவர் சரின்னு சொல்லட்டும்" என்றார். மஸ்கட்காரருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் போர் போடும் இடம் பம்பாய்க்காரரின் ஜன்னலுக்கு நேரே வருகிறது, முதலில் அவரைக் கேட்பதுதான் முறை என்றார். பம்பாய்க்காரர், இந்தக் கட்டடத்துக்கு எல்லோரையும் சேர்த்ததே அமெரிக்காக்காரர்தான், அவரை முந்திக்கொண்டு தான் பேசினால் நன்றாயிருக்காது என்றார். மறுபடி அமெரிக்கா. அவர் மஸ்கட் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

இப்படியே வாரங்கள் போயின. யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் பிடி கிடைத்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள், உள்ளே போக ஆளில்லை. ஆபீசில் இருந்தபோது கோப்பு நகராவிட்டால் மேலதிகாரி மேஜைக்கு முன்னால் போய் நிற்பேன். ஆள் நிற்பது தெரிந்தால் பேனாவை எடுத்துத்தானே ஆகவேண்டும். தொலைபேசிக்கு முன்னால் எத்தனை நேரம் நின்றால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது? படியில் உட்கார்ந்தவளையும் அவர்கள் யாரும் பார்க்கவில்லை. சொன்னால், "அடடா, மாமியை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கோ" என்றார்கள்.

போர் போடுகிறவர் சைதாப்பேட்டைக்காரர். அந்தக் கோடையில் அவர் கிடைப்பதே பெரும்பாடு. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு, பக்கத்துத் தெருவில் வேலை முடித்துவிட்டு, குழாய் ஏற்றிய வண்டியை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், போடணுமா வேணாமா? அடையாறுல பாதி வூடு எனக்காக காத்துக்கினு கீது. இன்னிக்கு வுட்டா அடுத்த மாசம்தான்."

மூன்று ஊரிலிருந்து பதில் வரவேண்டும் என்றேன்.

"தண்ணி இந்த ஊர்ல தான சார் வேணும்?" என்றவர், டீ குடித்துவிட்டு வருவதற்குள் சொல்லச் சொன்னார்.

என் மனைவி கையில் காலிக் குடத்தோடு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஒவ்வொருத்தர்ட்டயும் மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டான்னு சொல்லுங்கோ."

"அது பொய்யாச்சே?"

"இல்லேன்னா நாளைக்கு நீங்க தூக்குங்கோ" என்று குடத்தை என் காலடியில் வைத்தாள்.

பூத்துக்குப் போனேன். பம்பாய்க்காரரிடம் மற்ற இருவரும் சம்மதித்துவிட்டதாகச் சொன்னேன். அப்படியானால் தனக்கும் சம்மதம் என்றார். மஸ்கட்காரர், பெரியவர்களே சொன்ன பிறகு என்ன சார், போட்டுவிடுங்கள் என்றார். அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்திருந்தது. அவர் கொட்டாவி விட்டபடி, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே மாமா என்றார். போர்க்காரர் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று சம்மதமும் கிடைத்துவிட்டது. வாரக்கணக்கில் உண்மையைச் சொல்லி நடக்காத காரியம்! அந்த எரிச்சலில், மறுநாள் புதுப் போரில் தண்ணீர் வந்த சந்தோஷத்தைக்கூட நான் சரியாக அனுபவிக்கவில்லை.

தண்ணீர் வந்த பிறகும் என் மனைவி ஏழு குடங்களையும் கூடத்தில் நிரப்பியே வைத்திருந்தாள். நான் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தேன். எடுத்து வையேன் என்றால், "அவா மூணு பேரும் இன்னும் நேர்ல பாத்துக்கலியே" என்பாள்.

மார்கழியில் பார்த்துக்கொண்டார்கள். கச்சேரி கேட்க மூவரும் வந்திருந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீனில் சந்தித்து, அங்கிருந்து ஒரே ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சேர்ந்து படியேறி வருவதைப் பார்த்ததும், என் பொய் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். என் மனைவி உள்ளே காபி கலக்கப் போனாள்.

காபி வந்தது. பம்பாய்க்காரர் எழுந்து போய் பால்கனியிலிருந்து போரை எட்டிப் பார்த்தார். மஸ்கட்காரர் குழாயின் கனத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அமெரிக்காக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு பேரும் மூணு மூலைல இருந்தும் ஒரே மனசா முடிவு பண்ணியிருக்கோம், பாருங்கோ. இப்பதான் பேசிண்டு வந்தோம். ஒருத்தர்கூட மறுப்பு சொல்லலை" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "தப்பா எடுத்துக்காதேங்கோ மாமா. நீங்கதான் கொஞ்சம் தாமதப்படுத்திட்டேள். மாமி பாவம், அத்தனை நாள் குடம் தூக்கியிருக்கா."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சமையலறையில் என் மனைவி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.