கதவைத் திறக்காத தொடர்கதை

வெள்ளிக்கிழமை என்றால் எனக்குச் சாமி ஞாபகம் வராது, வாரப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். ஈஜிபுராவில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். அம்மாவும் சித்தியும் தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்த எனக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்தும் படிக்க வராது. அம்மா பகலெல்லாம் பலகை முன்னால் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். கையெல்லாம் கரிமாவு. அந்தக் கையால் பத்திரிகையைத் தொட்டால் சித்தி கத்துவாள். ஆகவே சித்தி படிக்க, அம்மா உருட்டிக்கொண்டே கேட்க, நான் நடுவில் புகுந்து கேள்வி கேட்டு இருவரிடமும் திட்டு வாங்க, இப்படித்தான் எங்கள் வீட்டு இலக்கிய வாழ்க்கை நடந்தது.

தொடர்கதைக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தாள் சித்தி. 'தொடரும்' வந்ததும் பத்திரிகையை மூடிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வாள். தப்பாகச் சொன்னவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அப்பாவும் இதில் சேர்த்தி. அவர் எப்போதும் நாயகி செத்துப்போவாள் என்றே சொல்லி, எப்போதும் டீ போட்டார். எனக்கு அடுப்புப் பக்கம் போக அனுமதி இல்லாததால் நான் தோற்றால் டம்ளர் கழுவ வேண்டும். இதில் சித்தி யாருக்கும் தயவுதாட்சண்யம் பார்க்கமாட்டாள்.

அது காவிரித் தகராறு வந்த வருஷம். ஓசூரில் வேலை பார்த்த அப்பா, காலையில் பஸ் ஏறிப் போனவர் சாயங்காலம் வரவில்லை. பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது, எல்லையில் யாரையும் விடவில்லை என்றார்கள். அதற்கு மேல் தகவல் இல்லை. வீட்டில் போனும் கிடையாது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தெருவில் தமிழில் பேசக் கூடாது, உள்ளேயும் சத்தமாகப் பேசக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறுவதுபோல் இருந்தது. சன்னலுக்கு ஓடுவேன், அங்கிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அம்மாவிடம். "அப்பா எப்ப வருவாரு?" அம்மா உருட்டிக்கொண்டே இருப்பாள். பத்திகள் கோணல்மாணலாக வந்தன. மாவை வழித்தெடுத்து மறுபடி உருட்டினாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரவில்லை. எந்தக் கடையும் தமிழ்ப் பத்திரிகையைத் தொங்கவிடவில்லை. போன வாரக் கதையோ மோசமான இடத்தில் நின்றிருந்தது. நாயகி வீட்டில் தனியாக இருக்கிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், தொடரும். சித்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய இதழையே பிரித்து, மெல்லிய குரலில் மேற்கொண்டு படிக்கத் தொடங்கினாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும். அவள் பிரித்து வைத்திருந்தது சமையல் குறிப்புப் பக்கம்.

"சித்தி, இது கதைப் பக்கம் இல்லயே" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கரி ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் ஓனரம்மா வந்தார். அடுத்த வீட்டிலேயே இருந்த அந்தக் கன்னடத்து அம்மாள் சாதாரணமாக எங்கள் வாசலுக்கு வருவது, தண்ணீரை வீணாக்குகிறோம் என்று சண்டை போடத்தான். காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ் தெரியும். அன்று ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து எங்கள் வாசலில் போட்டுத் தெருவைப் பார்க்க உட்கார்ந்தார். "கதேனா? ஓதி, ஓதி" என்று, படிக்கும்படி சித்தியிடம் கையை ஆட்டினார்.

வாசல் அவரால் நிறைந்துவிட்டது. அப்பா வருகிறாரா என்று எட்டிப் பார்க்க இடமே இல்லை. கதை முடிந்தால் எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். சித்தியோ முடிக்கிற வழியாக இல்லை. கதவைத் தட்டுகிறார்கள், நாயகி போய்த் திறக்க வேண்டியதுதானே? திறக்கவில்லை. காலேஜ் நாட்களை நினைத்துக்கொண்டாள். தோழியின் கல்யாணத்துக்குக் கட்டிப்போன புடவையின் கரை வரைக்கும் நினைத்துக்கொண்டாள். மறுநாளும் ஓனரம்மா நாற்காலியோடு வந்தார். மறுநாளும் கதவு திறக்கப்படவில்லை. திறந்துதான் தொலையேன் என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

அன்று தெருவில் ஒரு கூட்டம் கூச்சல் போட்டபடி வந்தது. எங்கள் வாசலில் நின்று ஒருவன், இது யார் வீடு என்று கன்னடத்தில் கேட்டான். சித்தி நிறுத்திவிட்டாள். அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"நம்தே மனே. ஏனு பேக்கு?" என்றார் ஓனரம்மா. எங்கள் வீடுதான், என்ன வேண்டும் என்று, தண்ணீருக்குச் சண்டை போடும் அதே குரலில். கூட்டம் கொஞ்சம் நின்றுவிட்டு மேலே போயிற்று. அவர் திரும்பி, "யாக்கே நில்ஸ்பிட்ரி?" என்று, கதையை ஏன் நிறுத்தினாய் என்று சித்தியை அதட்டினார்.

சித்தியால் படிக்க முடியவில்லை. 'தொடரும்' என்று பத்திரிகையை மூடினாள். வழக்கப்படி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டாள். கதவைத் தட்டியது பால்காரன் என்றேன் நான். அம்மா பலகைப் பக்கம் திரும்பி மறுபடி உருட்டத் தொடங்கினாள். சித்தி ஓனரம்மாவுக்கும் விளையாட்டைக் கன்னடத்தில் விளக்கி, அவரையும் கேட்டாள். அவர் சித்தியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்தார்.

"பர்தாரே. க்ஷேமவாகி வாபஸ் பர்தாரே." வருவார், நல்லபடியாகத் திரும்பி வருவார் என்றார். அம்மா கரிக்கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆண்ட்டி தப்பு. கதையில யாரும் எங்கயும் போகலயே. ஆண்ட்டிதான் டீ போடணும்."

"அவங்க சொன்னதுதாண்டி சரி" என்று சித்தி எழுந்து போய்த் தானே டீ போட்டாள். முதல் டம்ளரை ஓனரம்மாவுக்கு இரண்டு கையாலும் நீட்டினாள்.

அப்பா பிறகு ஒரு காய்கறி லாரியில் ஓசூர் சாலையிலிருக்கும் சந்தாபுரா வரை வந்து, அங்கிருந்து நடந்தே வீடு சேர்ந்தார். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்த டீ விஷயத்தில் எனக்குக் கோபம் ஆற ரொம்ப நாளாயிற்று. கதையே புரியாதவருக்கு, அதுவும் தப்பான பதிலுக்கு, முதல் டம்ளர். வீட்டு ஓனர் என்றதும் சித்தி இப்படி அழுகுணி ஆட்டம் ஆடுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.